சிவப்புக் கிரேப் பேப்பர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமோ திருவிழாவோ சாவோ, அப்பாவின் கிரேப் பேப்பர் இல்லாமல் நடக்காது. அந்தச் சுருக்கத் தாளின் ஓரத்தைப் பெருவிரல்களால் மெல்ல இழுத்துவிட்டால் ரோஜா இதழாக வளைந்துகொள்ளும். நீளமாக வெட்டி முறுக்கினால் பந்தலுக்குத் தோரணம். குஞ்சம் கட்டினால் பாடைக்கு. மிஞ்சும் துண்டுகள் எனக்கு. சிவப்புத் துண்டை எச்சில் தொட்டு உதட்டில் தேய்த்தால் லிப்ஸ்டிக் என்று கண்டுபிடித்தவள் நான். அதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

அக்காவைப் பெண் பார்க்க லுணுகலையிலிருந்து ஆட்கள் வந்த காலையில், அதே அம்மா என்னிடம் சிவப்புத் துண்டு கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்குக் கொழுந்து பறிக்க மலையேறினாலே மூச்சு வாங்கும். முகம் வெளுத்தே இருக்கும். இதயத்தில் கோளாறு, பிள்ளை பெறுவது ஆபத்து என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைத் தாண்டவில்லை. ஆனாலும் முன்பு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே திரும்பிப்போயிருந்தார்கள்.

அம்மா தாளைத் தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்திலும் உதட்டிலும் தேய்த்தாள்.

"வேணாம்மா. தெரிஞ்சா கேவலம்," என்றாள் அக்கா.

"சும்மா இரு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. நாம ஒண்ணுதானே சொல்றோம்."

மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "பொண்ணு நல்லா ரத்த ஓட்டமா இருக்கு. எங்க மலை ஏத்தம். தாங்கும்," என்றார். அவர் விரல் நுனியில் சிவப்பு ஒட்டியது. குங்குமம் என்று நினைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது.

சம்பந்தத்தை முடித்துவைத்தவள் நான்தான் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொள்ள ஆசை. அம்மா என் வாயைக் கட்டிவிட்டாள்.

அடுத்த வருடம் அக்கா முதல் பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு லுணுகலைக்குப் போனோம். மகளின் பாடைக்குத் தானே பூக்கட்டுவதாக அப்பா பேப்பர் சுருள்களையும் தூக்கி வந்தார். வந்ததிலிருந்து வெட்டிக்கொண்டே இருந்தார்.

சுமங்கலியாகப் போனவள் என்று அக்காவுக்கு மஞ்சள் பூசி, பெரிதாகப் பொட்டு வைத்திருந்தார்கள். உதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. இத்தனை பேர் பார்க்க வருகிறார்களே என்று எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அப்பாவின் பக்கத்தில் கிடந்த சிவப்புத் துண்டை நனைத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாதிரி பூசி விடுங்கம்மா."

அம்மா வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியார் சிவந்துபோன என் விரல்களைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். அழுகையை நிறுத்திவிட்டார். அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, சிவப்புச் சுருளோடு சேர்த்து, வாசலில் தப்பு மேளம் காய்ச்ச மூட்டியிருந்த நெருப்பில் போட்டார்.

அதன் பிறகு அப்பா சிவப்பு வாங்கவே இல்லை. கல்யாணப் பந்தலுக்குக்கூட மஞ்சளும் வெள்ளையும்தான். கேட்பவர்களிடம், "வெல ஏறிப்போச்சுங்க," என்பார். எல்லாச் சாமானும் விலையேறிக்கொண்டிருந்த காலம் அது. நானும் நம்பினேன்.