சாப்பாட்டு அடி வரும்வரைக்கும்

பாட்டுச் சொல்லிக்குடுத்து வேற்றுமொழி படிப்பிக்கிற சக பாவிகளே, இந்தத் தொழிலில பிள்ளையளுக்கு நாக்குத் திருந்த முந்தி எங்களுக்குத் தொண்டை போயிடும்.

கீழே கருவாட்டுக் கடை

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், ஒரு கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியிலதான் என்ர ஜப்பான் மொழி வகுப்பு. ஜப்பானுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போற ஆக்கள்தான் வருவினம். சும்மா சொல்லச் சொன்னா இழுக்க வேண்டிய சத்தத்தை எல்லாம் விழுங்கிப்போடுவினம். மெட்டில போட்டா, இழுக்கிற இடத்தில இழுத்துத்தான் ஆகவேணும். அதால விடிய எழுப்பிறது, முகம் கழுவிறது, சாப்பாடு, மருந்து எண்டு ஒரு நாள் வேலையை ஒரே பாட்டாக் கட்டினன். மாசக்கணக்கா அதே பாட்டுத்தான்.

ஒருநாள் கடை முதலாளி படியேறி வந்தார். "டீச்சர், கருவாட்டு மணத்தை நீங்கள் பொறுக்கிறியள், பாட்டை நான் பொறுக்கிறன். ஆனா இன்னொரு பாட்டு இல்லையோ?"

பாங்குக்குப் பிறகு

கிண்ணியாவில இருந்து வாற ரிஸ்வானா பாடினா ஜப்பான்காரியே தோத்துப்போவா. பாட்டை விட்டிட்டுக் கேள்வி கேட்டா, வாயில கொழுக்கட்டை. புருசன் விட்டிட்டுப் போயிட்டான், ரெண்டு பிள்ளையள். வேலைக்கான நேர்முகத்தில ஒருக்காத் தவறினவ. இன்னொருக்காத் தவறினா அனுப்ப ஏலாது எண்டு ஆள் அனுப்பிற ஏஜென்சி சொல்லிப்போட்டுது.

பின்நேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டா பாட்டை நிப்பாட்டுவம். ஒருநாள் அப்பிடி நிப்பாட்டி, பாங்கு முடிய, விட்ட இடத்தில இருந்து பாடச் சொன்னன். அவ திரும்பவும் விடிய எழுப்பிற முதல் அடியில தொடங்கினா. எனக்கு அழுகை வராத குறை. ஏனம்மா எண்டு கேட்டன்.

"பாட்டுக்கு நடுவால பூர ஏலா டீச்சர், வாசலாலதான் வரணும்."

கணினிக்கு முன்னால

நேர்முகம் கணினியில. திரையில ஜப்பானில இருந்து முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா. "ஒரு தாத்தா சாப்பிடமாட்டன் எண்டு அடம்பிடிச்சா என்ன சொல்லுவீங்கள்?" எண்டு ஜப்பான் மொழியில கேட்டா. ரிஸ்வானா கண்ணை மூடிக்கொண்டு விரலால தாளம் தட்டினா. பக்கத்துக் கதிரையில எனக்கு உயிர் போச்சு. பிறகு அவ வாய்விட்டுத் தொடங்கினாவே! எழும்புங்கோ தாத்தா, முகம் கழுவுவம் எண்டு சாப்பாட்டு அடி வரும்வரைக்கும் முழுக்கப் பாடினா. சரி, கதை முடிஞ்சுது எண்டு நான் தலையில கைவைச்சன்.

அந்த அம்மா பேனையை வைச்சிட்டுச் சிரிச்சா. "இந்தப் பிள்ளையை அனுப்புங்கோ. ஆனா கொஞ்சம் கெதியாப் பாடச் சொல்லுங்கோ, சோறு ஆறிப்போயிடும்."

நல்லாப் படிச்ச பிள்ளையைப் ப்ளேன் ஏத்திப்போட்டு, வாயே திறக்காத புதுசுகளோட திரும்பவும் குந்திறதுதானப்பா இந்த வாத்தியார் வேலை.