கூரையில் கட்டிய கேசட்

காக்கை கூரை ஓடுகளைப் புரட்டும் என்று சொன்னால் மாடி வீட்டில் வளர்ந்தவர்கள் நம்புவதில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் அது அன்றாடம் நடந்தது. கிடைத்த சோற்று உருண்டையை, மீன் முள்ளை, ஒருமுறை யார் வீட்டிலோ களவாடிய முழு வடையை, கூரை ஓட்டுக்கு அடியில் செருகி வைத்துவிட்டுப் போகும். மறுநாள் எந்த ஓடு என்று மறந்துபோய் வரிசையாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். புரண்ட ஓடு சரிந்து, பக்கத்து ஓட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து உடையும். ஆவணி முடிவதற்குள் பாயில் படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஐப்பசி மழை வந்தால் வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டியதுதான்.

கூரையைக் கவனிக்க அப்பா ஊரில் இல்லை. குவைத்தில் சண்டை மூண்ட வருஷம் அது. அப்பா அங்கேதான் வேலையில் இருந்தார். ஆடி மாதத்தோடு கடிதம் நின்றுபோனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. ஒன்பது வயதான எனக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. வரும்போது காந்தம் வைத்து மூடும் பென்சில் டப்பா வாங்கி வருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். டப்பா வர வேண்டுமென்றால் அப்பாவும் வந்துதானே ஆக வேண்டும்.

அதனால் கூரைப் பொறுப்பு மாமாவிடம் வந்தது. மாமா அம்மாவின் அண்ணன், உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். காக்கையை விஞ்ஞான முறையில்தான் விரட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் உடைந்த முகக்கண்ணாடியைக் கூரையில் சாத்தினார். காக்கைகள் முறை வைத்து வந்து முகம் பார்த்துக்கொண்டு போயின. பிறகு பழைய குடைத்துணியில் செத்த காக்கை மாதிரி ஒன்று தைத்து, காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அன்றைக்கு ஊர்க் காக்கை எல்லாம் கூடி ஒரு மணி நேரம் ஒப்பாரி வைத்துவிட்டு, வந்த வேகத்தில் நாலைந்து ஓட்டைக் கூடுதலாகத் தள்ளிவிட்டன. மறுநாள் அந்தத் துணிக் காக்கையின் மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது.

இதில் பெரிய வேடிக்கை, மேலே மாமா விரட்டிக்கொண்டிருக்க, கீழே அம்மா அவற்றுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு கை வைப்பது எப்போதும் உள்ளதுதான். அப்பாவின் கடிதம் நின்ற பிறகு காலையிலும் வைக்க ஆரம்பித்தாள். வீட்டு மேல் காக்கை கத்தினால் ஆள் வரும் என்பார்களே, அதற்காக. ஒரு காக்கை கத்தினால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவைப் பார்ப்பாள். சோறு வைக்காதே என்று அவளிடம் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அவர் பாவம், காக்கையோடு மட்டும் சண்டை போட்டார்.

கடைசியில் வழியை அவருக்குக் காட்டியது ஒரு வயல்தான். விளைந்த நெல்லில் குருவி அண்டாமலிருக்க, கேசட்டுக்குள் இருக்கும் நாடாவை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் மின்னி, காற்றில் ஙொய் என்று இரைந்ததாம். மாமா சைக்கிளை வேகமாக மிதித்து வந்து சேர்ந்தார்.

"ஏட்டி, ஒங்க வீட்டுல வெத்துக் கேசட்டு ஏதும் கெடக்கா, பாரு."

அம்மா அன்று வீட்டில் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டுப் பிள்ளை குவைத்திலிருந்து தப்பி வந்து சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பாவைப் பார்த்தானா என்று விசாரிக்கக் காலை பஸ்ஸிலேயே போயிருந்தாள். நான் அலமாரியைக் குடைந்தேன். பாட்டுக் கேசட்டுகள் இருந்தன. அப்பா தன் குரலைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் கேசட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் 'வீட்டுக்கு' என்று அவர் கையால் எழுதியிருக்கும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அம்மாவின் சேலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. மேலே ஓர் எழுத்து இல்லை. எழுதாத கேசட்டில் என்ன இருக்கப்போகிறது? மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டிக்காரி என்று தலையில் தட்டினார்.

உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டு மாமா ஏணியில் நிற்க, நான் கீழிருந்து நாடாவை உருவி உருவிக் கொடுத்தேன். அவர் பல்லால் கடித்துத் துண்டு போட்டு, முறுக்கி, முடிச்சு மேல் முடிச்சாகக் கூரை நெடுகக் கட்டினார். காற்று வந்ததும் கூரை முழுக்க இரைந்தது. வந்த காக்கைகள் வட்டமடித்துப் பார்த்துவிட்டு ஆற்றங்கரை மருத மரங்களுக்குப் போய்விட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். அந்தப் பையன் அப்பாவைப் பார்க்கவில்லையாம். முகமே சொன்னது. வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

"என்ன கேசட்டுண்ணே அது?"

"எழுத்து ஒண்ணுமில்ல, வெத்துதான். ஒம் மவதான் தேடி எடுத்துத் தந்தா. பாத்தியா, ஒரு காக்கா அண்டல!"

நான் நாடா இல்லாத காலிக் கேசட் கூட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கி, முந்தானையால் துடைத்தாள். "நல்லாருக்குண்ணே, மழைக்கு முந்தி ஆயிட்டு" என்றாள். என்னை அவள் பாராட்டவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் காலையில் அவள் வைத்த சோறு மதில் மேலேயே காய்ந்து கிடந்தது.

ஐப்பசியில், காக்கை ஒன்றும் கத்தாமலே, அப்பா வந்துவிட்டார். பாதி ஆளாக, ஒரு பையோடு. பென்சில் டப்பா இல்லை. அதற்காக நான் அழுதேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒழுகாத கூரையின் கீழ் எல்லோரும் சாப்பிட்டோம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா முற்றத்தில் வந்து உட்கார்ந்தபோது, அப்பா மேலே பார்த்தார்.

"அது என்னது, கூரையில மினுங்குது?"

"காக்கா வெரட்டுததுக்கு" என்ற அம்மா, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்குன்னு தனியா பேசி அனுப்பிச்சியள்லா, அந்தக் கேசட்டு. பிள்ளைக்குத் தெரியல."

நான் மெல்ல அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அதுல பேசுனத இன்னொருக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா யோசித்தார். "என்ன பேசுனேன்னு எனக்கே நெனப்பில்லியே. வெயிலு, சோறுன்னு ஏதாவது ஒளறியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். அடி விழாது என்று தெரிந்ததும் நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடும் என்று எழுந்து உள்ளே போனாள்.

அடுப்பை அப்போதே அணைத்தாயிற்று. பால் முழுவதையும் குடித்தது நான்தான். அப்புறம் எதற்கு உள்ளே போனாள், ஏன் இவ்வளவு நேரமாக வரவில்லை என்று, அப்பா மடியில் சாய்ந்தபடி, அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.