சென்சார் அக்கா பார்த்த படம்

தெருவில் அவளுக்குச் சென்சார் அக்கா என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்காத அம்மா அந்தத் தெருவில் கிடையாது.

"அக்கா, இது புள்ளைங்க பாக்கலாமா?" என்று மாடிப்படியிலிருந்தே குரல் வரும்.

"பேய் வருது. ஆனா நல்ல பேய். சமைக்குது, பாத்திரம் கழுவுது. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு அது தேவலாம். தாராளமா போடு" என்பாள். இல்லாவிட்டால், "வேணாம்மா. பேருதான் குடும்பப் படம். மாமனாரும் மருமகனும் பாட்டிலும் கையுமா திரியறாங்க. அதுல என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" என்பாள்.

பறக்கும் பாய், பேசும் பூனை, கண்ணாடிக்குள் நுழைந்து காணாமல் போகும் குழந்தை, இதிலெல்லாம் அவளுக்குச் சண்டை இல்லை. கடவுள் படைத்த உலகத்திலேயே இத்தனை அதிசயம் இருக்கும்போது, மனுஷன் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

தையல் கம்பெனியிலிருந்து சட்டைகள் மூட்டையாக வீட்டுக்கு வரும். பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தால், கை அதுபாட்டுக்கு ஊசியை ஓட்டும், கண் படத்தைப் பார்க்கும். காதுக்கு மட்டும் வேலை இல்லை. புருஷனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் தூங்குவார். அதனால் டிவியின் சத்தத்தை அறவே அடைத்துவிட்டுத்தான் அவள் படம் பார்ப்பது. குடிப்பது, குத்துவது, அசிங்கமாக ஆடுவது எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற சங்கதிதானே? இத்தனை வருஷத்தில் அவள் சொல் பிசகியதில்லை.

இந்தப் படத்தைக் கொண்டுவந்தது அவள் கொழுந்தன். கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. சினிமா இல்லாமல் சோறு இறங்காத ஆள்.

"சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும் அண்ணி. குழந்தைங்க படம்" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

அவளும் பார்த்தாள். ஒரு பழைய வீடு. ஆட்கள் வெளியே போனதும் நாற்காலி, அலமாரி, விளக்குமாறு எல்லாம் உயிர்பெற்றுக் கும்மாளம் போடுகின்றன. அதில் ஒரு சுவர்க் கடிகாரம். அது வாயைத் திறக்கும்போதெல்லாம் உடம்பு உதறுகிறது, முள் துடிக்கிறது, விளக்குமாறு முதுகில் ஒன்று தட்டுகிறது. மற்றவை உருண்டு உருண்டு சிரிக்கின்றன. சிக்கிக்கொண்ட மணியைத் தட்டி அடிக்க வைக்கிறது போல, அதற்குத்தான் இத்தனை கூத்து என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. படம் சுத்தம் என்று நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டு, "சாயங்காலம் எல்லாரையும் இங்கயே அனுப்புங்க" என்றாள்.

கூப்பிட்டதற்குக் காரணம் அவள் மகள். பத்து வயது. பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததில், ஒரு வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டினால் வாயே திறக்காமல் இருந்தவள். இப்போதுதான், கடவுள் புண்ணியத்தில், மாடிப்படியில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தாள். அது நின்றுவிடக் கூடாதே என்றுதான் தாய்க்காரி தவித்தாள்.

புருஷன் வேலைக்குக் கிளம்பியதும் பாய் விரித்தாள். பிள்ளைகள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கொழுந்தனும் வந்து சத்தத்தைக் கூட்டி வைத்தான். கடிகாரம் வாயைத் திறந்தது.

"ம-ம-ம-ம-"

விளக்குமாறு அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தது. "மணி!" என்று கத்தியது கடிகாரம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அது மணியடிக்கவில்லை. திக்கியது.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவளின் விரலில் ஊசி ஏறியது. மறுபடி கடிகாரம் பேசியது, மறுபடி அடி விழுந்தது. மூன்றாவது முறை பிள்ளைகளே அதோடு சேர்ந்து "ம-ம-ம-" என்று பாட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் பாதிச் சிரிப்பில் அவள் மகளைத் திரும்பிப் பார்த்தான். மகள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

"என்ன அண்ணி, நல்ல கட்டத்துல!"

"எது நல்ல கட்டம்? திக்கற ஒருத்தன முதுகுல சாத்தறதா?"

"ஐயோ, அது கடிகாரம் அண்ணி. சும்மா காமெடிக்கு."

"கடிகாரத்துக்கு ஏன் தம்பி என் புள்ளையோட பேச்சக் குடுத்தான்? ஒரு கூட்டமே உக்காந்து யோசிச்சுத்தானே எழுதியிருப்பான்? அதுல ஒருத்தன் வீட்லகூடவா இப்படி ஒரு புள்ள இல்ல? கத்தி இல்ல, ரத்தம் இல்ல, குடும்பத்தோட பாருங்கன்னு போட்டுட்டா ஆச்சா?"

அவள் இப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் அரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"போ-போடும்மா" என்றாள் மகள்.

"வேணாம்டி."

"நீ நி-நிறுத்தினதாலதான் எல்லாரும் எ-என்னயப் பாக்கறாங்க. போடு."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. மறுபடி படத்தைப் போட்டாள். சுவரோரம் நின்றே மிச்சத்தையும் பார்த்தாள். யாரும் சேர்ந்து பாடவில்லை. கடைசியில் ஒரு தேவதை வந்து கோலால் தொட, கடிகாரம் தங்குதடையில்லாமல் பேச, எல்லாச் சாமான்களும் அதைக் கட்டிக்கொண்டன.

"பாத்தீங்களா? கடைசில எல்லாம் சரியாப் போச்சு. இதுக்குப் போய்..." என்றான் கொழுந்தன்.

அடங்கியிருந்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"சரியாகலேன்னா? கடைசி வரைக்கும் அடிதானா? கோணல நிமித்திட்டுத்தான் கட்டிக்குவீங்களா? தெய்வம் குடுத்த குரலுக்கு இவங்க யாருய்யா மார்க்கு போட?"

"சி-சித்தப்பா" என்றாள் மகள். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தத் தே-தேவதை, வெ-வெளக்குமாத்தத்தான் ச- ச- ச-"

"சரி பண்ணியிருக்கணுமா குட்டி?" என்று எடுத்துக் கொடுத்தான் அவன்.

"வாய மூடு தம்பி! அவ சொல்லட்டும்."

அறையே காத்திருந்தது.

"ச-சாத்தியிருக்கணும்" என்றாள் மகள்.

பக்கத்து வீட்டுப் பையன்தான் முதலில் சிரித்தான். "ஆமாண்டி, வெளக்குமாத்தாலயே சாத்தணும்!" என்றான். "அது எ-எப்படிடா தன்னையே சா-சாத்திக்கும், லூசு?" என்றாள் இவள். பிறகு அலமாரியை என்ன செய்வது, நாற்காலியின் எந்தக் காலை ஒடிப்பது என்று ஆளுக்கொரு தண்டனையாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் எல்லோரையும்விட அதிகம் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். யாருக்கும் அவசரம் இல்லை.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "நான் அத யோசிக்கவே இல்ல அண்ணி."

"யோசிக்க மாட்ட. என் மரமண்டைக்கே தோணல, உனக்கு எங்க இருந்து தோணும்?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாலு வீட்டுக் கதவையும் தட்டி, படம் நல்ல படம் என்று சொன்னது தப்பு, காதால் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லியாக வேண்டும். படி இறங்கும்போது, தப்பான படம் பார்த்தால் எப்போதும் செய்வது போல, அந்தப் படத்தை எடுத்தவர்களை மன்னித்துவிடு என்று கடவுளிடம் கேட்கப் பார்த்தாள். மனசு ஒத்துழைக்கவில்லை.

"இன்னிக்கு வேணாம் சாமி" என்று முணுமுணுத்துவிட்டு முதல் கதவைத் தட்டினாள்.