பறக்காத இறக்கையும் பாதியில் நின்ற லாரிகளும்

ஏரோப்ளேன் பாடம் நடத்துவது கௌரவமான தொழில். ஏரோப்ளேன் இல்லாமல் நடத்துவதுதான் கஷ்டம். வெறும் கரும்பலகையும் சாக்பீஸுமாகக் காலம் தள்ளும் சக வாத்தியார்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிப்ளமோ கல்லூரி. முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். இந்த வருஷம் சேர்க்கை குறைந்தால் ஏரோ பிரிவையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிரிவு என்றால் வேறு யாருமில்லை, நான்தான்.

நாலு அம்பு

வகுப்புச் சுவரில் பெரிய விமானப் படம் ஒன்றை மாட்டினேன். மேலே தூக்குவது லிஃப்ட், கீழே இழுப்பது வெயிட், முன்னே தள்ளுவது த்ரஸ்ட், பின்னே பிடித்து இழுப்பது டிராக். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அம்புக்குறி.

மாணவன் ஒருவனின் அப்பா வகுப்பைப் பார்க்க வந்தார். ஷூ கம்பெனியில் செக்கர். எக்ஸ்போர்ட் ஷூவில் எங்கே தோல் கெட்டிருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவர் வேலை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாலு டேமேஜ் இருக்குது மேடம். இத எப்படி பாஸ் பண்ணி மேல அனுப்புனாங்க?"

ஜன்னலோரப் பாடம்

இறக்கையின் முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் லிஃப்ட் கூடும், அளவுக்கு மீறினால் விட்டுப்போகும். "பஸ் ஜன்னலில் உள்ளங்கையைச் சாய்த்தால் தெரியுமே" என்று வகுப்பில் உளறிவைத்தேன். என் வாய் சும்மா இருக்காது. சாயங்காலமே மொத்த வகுப்பும் பஸ்ஸின் வலது பக்கம் உட்கார்ந்து வரிசையாகக் கையை நீட்டியிருக்கிறது.

மறுநாள் கண்டக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டேன். அவர் கவலையே வேறு. "பின்னாடி வர்ற தோல் லாரியெல்லாம் பஸ் ரைட்ல திரும்புதுன்னு நின்னுடுது மேடம். ஒரே பேஜாரு."

பலூன்

ஜெட் இன்ஜின் சூடான காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் விமானம் முன்னால் போகிறது. விளக்குவதற்காகப் பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் விட்டேன். அது என் வகுப்பைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, பிரின்ஸிபால் அறைக்குள் போய்விட்டது. ப்யூன் வந்து வாசலில் நின்றார். "மேடம், உங்க த்ரஸ்ட்டு ஐயாவோட டீயில உழுந்துட்ச்சு."

இறக்கை

சேர்க்கைக்காகப் பெற்றோரை அழைத்தோம். விலா எலும்புபோல் அடுக்கிய மரச் சட்டங்களின் மேல் மெல்லிய காகிதம் ஒட்டி ஒரு மாதிரி இறக்கை செய்யுங்கள், ஃபேன் காற்றில் எழும்பிக் காட்டட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அன்று காலை துணியை விலக்கியபோதுதான் பார்த்தேன். காகிதம் இல்லை, ஆட்டுத்தோல். ஷூவுக்கு இழுப்பதுபோல் இழுத்து, விளிம்பு மடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். அத்தனை அழகு. வீட்டுக்கு வீடு கை கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிவந்த, தோல் காயவைக்கும் பெரிய ஃபேன் சுற்றியது. மேஜை விரிப்பு பறந்தது, ஒரு அம்மாவின் முக்காடு பறந்தது, இறக்கை மட்டும் அசையவில்லை. நிர்வாகி என்னையே பார்த்தார். நான் ஃபேனை இன்னும் கிட்டே தள்ளினேன்.

அப்போது மாணவன் யாசின் முன்னால் வந்தான். "காத்து மேல தப்பு இல்ல. நாங்க போட்ட தோலால வெயிட் ஜாஸ்தி ஆயிடுச்சு, லிஃப்ட் பத்தல. தையல் தடிப்பு மேல நிக்கறதால டிராக்கும் ஜாஸ்தி. காகிதம்தான் போட்டிருக்கணும்" என்றான்.

மகளுக்கு விசாரிக்க வந்திருந்த ஒரு தையல் சூப்பர்வைசர் அம்மா எழுந்தார். "எங்க கம்பெனில ஒரு ஜோடி கெட்டுட்டா தையல் கட்டிங்க குத்தம் சொல்லும், கட்டிங் தோலக் குத்தம் சொல்லும். எங்க தப்புதான்னு நின்னு சொல்ற புள்ளைங்கள இங்கதான் பாக்கறேன். எம் பொண்ண இதுலயே சேத்துக்குங்க."

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்ததில் என் வேலை தப்பியது என்றாலும், பறக்காத இறக்கையைக் காட்டி ஆள் சேர்த்த ஏரோ டீச்சர் என்ற பட்டத்தோடுதான் இனிக் காலம் தள்ள வேண்டும்.