மொட்டைப் பெயரும் சேமிக்காத செட்டிங்கும்

என்டோலா தொழிற்கல்லூரியில் வாசல் காவலாளியைக்கூட "பா முசோண்டா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆணோ பெண்ணோ, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு "பா" போடாமல் வயதில் மூத்தவரைக் கூப்பிடுவது பெம்பாக்காரர்கள் செய்கிற காரியமா? ஆனால் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் சிசங்காவை மட்டும் நிர்வாகி கபெம்ப்வா மொட்டையாகத்தான் கூப்பிடுவார். பேரன் எடுத்தவள் அவள். கட்டடம் கட்டடமாகக் கேபிள் இழுத்து, இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு ஒவ்வொரு செட்டிங்காகப் போட்டவள். அந்த மொட்டைப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கரண்ட் போய் வந்தது. ஸ்விட்ச் பெட்டி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கபெம்ப்வாவுக்குப் பொறுமை ஏது? முன்பக்கப் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அமுக்கிப் பிடித்தார். மினுக்கியது. உள்ளே இருந்த செட்டிங் கோப்பு மொத்தமும் அழிந்துபோயிற்று. சேர்க்கைக்கு வந்த கூட்டம் இணையம் இல்லாமல் வரிசையில் நின்று கத்தியது.

"சிசங்கா! என்னத்தக் கிழிச்சு வச்சிருக்க?" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

"பொத்தான அமுக்கினது நானா, பா கபெம்ப்வா?"

"வாய் மட்டும் நீளுது. இன்னைக்குள்ள சரியாகலேன்னா நாளைக்கு வேற ஆளு."

தன் சொந்த லேப்டாப்பில் வைத்திருந்த நகலை எடுத்துப் பெட்டியில் ஏற்றினாள். இணையம் வந்தது. ஆனால் "சேமி" என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் அது பெட்டிக்குள் நிலைக்கும். இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டோடு போய்விடும். அதற்கு விரலை வைத்தபோது பின்னால் அவர் குமாஸ்தாவிடம் சிரிப்பது கேட்டது.

"பாத்தியா? இவள மாதிரி ஆளுங்கள மெரட்டினாத்தான் வேலை நடக்கும்."

விரலை எடுத்தாள். லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். செய்தது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். வேலை போனாலும் போகும். போகட்டும் என்று இருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல் ஊருக்கே கரண்ட் போயிற்று.

காலையில் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சிசங்கா, மறுபடியும் எல்லாம் போச்சு. உடனே வா."

"வேற ஆளு வரலையா?"

"வந்திருக்கான். பெட்டி காலியா இருக்கு, நகல் இல்லாம ஒண்ணும் முடியாதுங்கறான்."

அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு வாய் கஞ்சிக்குள் மறுபடி அடித்தது.

"பா... பா சிசங்கா. கொஞ்சம் வாங்களேன்."

"சரியா கேக்கல," என்றாள். "உங்க பக்கத்துல எல்லாரும் நிக்கிறாங்கல்ல? அவங்களுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க."