கொக்கரிப்பை மறைத்த மோட்டார்

எண்பதுகளில் செம்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டிக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒடிசலான உடம்பு, எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார். ஆடு, கோழி வளர்க்கக்கூடாது என்று கேட்டிலேயே போர்டு தொங்கியது. அந்த கேட்டைக் காத்தவரே, தான் தங்கியிருந்த பம்பு ரூமுக்குப் பின்னால் பழைய தேயிலைப் பெட்டிகளை அடித்துக் கூடு கட்டி, ஒரு கோழி வளர்த்தார். முட்டையிட்டு அது கொக்கரிக்க ஆரம்பித்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்த இரைச்சலில் கோழிச் சத்தம் அமுங்கிவிடும்.

"ஒரு முட்டைக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"முட்டைய நீங்க கொண்டுபோங்க சார். டியூட்டி முடிஞ்சு வந்தா, ஏதாச்சும் ஒண்ணு எந்திச்சு எதுக்க வரணும்லா."

ஒருநாள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்த வந்த சொசைட்டி செக்ரட்டரி கூட்டைப் பார்த்துவிட்டார். கோழியா, வேலையா என்று இந்தியில் கேட்டார். வாட்ச்மேன் தன் கையாலேயே கூட்டைப் பிரித்தார். தாராவியில் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் கோழியை விட்டுவந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் கம்புப் பொட்டலம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கோழியப் பாத்துட்டு வாறேன் சார். வாராவாரம் போறதுதான்."

"அதுக்கு உங்கள அடையாளம் தெரியுதா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியல சார். மத்தவங்களக் கண்டா ஓடுது. என்னக் கண்டா நிக்குது."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். எனக்கும் அன்று போவதற்கு வேறு இடமில்லை. நானும் வரட்டுமா என்று ஏன் கேட்காமல் நின்றேனோ, இன்றுவரை தெரியவில்லை.