கதவுக்கு மிச்சமிருந்த ஒரு பாடம்

அவன் பாரின் வாசலில் நின்றால், உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் அவனைக் கேட்டுத்தான் நகர வேண்டும். அதனால் அவனுக்குக் கதவு என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களைச் சட்டையோடு தூக்கித் தெருவில் போடுவது அவன் வேலை. பல்லை உடைத்திருக்கிறான், விலாவை உடைத்திருக்கிறான். உடைபட்டும் இருக்கிறான். விடிந்து வீட்டுக்கு வந்தால், பஸ் ஓட்டக் கிளம்பிக்கொண்டிருக்கும் மனைவி அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். விரல் முட்டிகளைத்தான் பார்ப்பாள்.

"இன்னிக்கு யாரு ரத்தம்?"

"என்னோடது இல்ல."

"அப்போ இன்னொரு வீட்ல எவளோ துடைச்சிட்டிருப்பா."

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கலைக் கல்லூரியில் சேர்ந்தான். வரலாறு படித்து வாத்தியாராகிவிட வேண்டும் என்று ஆசை. மற்றவர்கள் நாலு வருஷத்தில் முடிப்பதை, வேலைக்கு நடுவே இவன் இரண்டு மடங்கு இழுத்தான். வரலாறு மட்டும் தெரிந்தால் அங்கே பட்டம் கிடைக்காது. எதைப் படிக்கிறவனும் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் அறிவியல், ஒரு வேற்று மொழி, ஒரு கலை என்று எல்லாவற்றிலும் தலையைக் கொடுத்தாக வேண்டும். கணக்கில் இரண்டு தடவை மண்ணைக் கவ்விவிட்டு எழுந்தான். தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்தான், அதையும் தாண்டினான். கடைசியில் மிச்சமிருந்தது கலை. அவன் தூக்கத்துக்கும் வேலைக்கும் இடையில் பொருந்திய வகுப்பு ஒன்றே ஒன்றுதான்: மேடைச் சண்டை.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சம்பளம் வாங்கி அடிச்சது பத்தாதா? இப்போ ஃபீஸ் கட்டி வேற அடிக்கணுமா?"

வகுப்பு நடத்திய நாடகப் பேராசிரியை குச்சி மாதிரி இருப்பார். குரல் மட்டும் இடி. கை காதோரமாகக் காற்றில் போக வேண்டும், அடி வாங்குகிறவன் தன் நெஞ்சில் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும், பார்க்கிறவர்களுக்கு நிஜ அடி போலத் தெரிய வேண்டும். கதவுக்கு ஜோடியாக வந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். ஒல்லியன் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். கதவு அடிப்பது போல நடித்தபோது வகுப்பே கை தட்டியது. அடி வாங்கும் முறை வந்தபோதுதான் வினை வந்தது.

ஒல்லியன் உற்சாகத்தில், சொல்லிக்கொடுத்ததைவிட வேகமாகக் கையை வீசினான். முகத்துக்கு நேரே ஒரு முஷ்டி வருவதைக் கதவின் கண் பார்த்தது. யோசிக்கிற வேலையைக் கை அவனிடம் விடவில்லை. குச்சியை முறித்தது போல ஒரு சத்தம். ஒல்லியன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கொப்பளித்தது.

"என்னய்யா பண்ணிட்ட!" என்று பேராசிரியை ஓடி வந்தார்.

கதவு தன் சட்டையைக் கழற்றிப் பையன் முகத்தில் அழுத்தினான். பாரில் எத்தனையோ மூக்கை உடைத்தவன், ஒன்றைக்கூடத் துடைத்ததில்லை.

"பரவால்லண்ணா, நான்தான் வேகமா வீசிட்டேன்," என்று ஒல்லியன் ரத்தத்தைத் துப்பியபடி சொன்னான்.

அவன் மன்னித்துவிட்டான். அவனுடைய அண்ணன் மன்னிக்கவில்லை. அண்ணன் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன், அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவன். மறுநாள் மதியம் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு கூட்டாளிகளோடு காத்திருந்தான்.

"எங்க வீட்டுப் பிள்ளை மேல கை வச்சவன் நீதானா?"

"தெரியாம பட்டுடுச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் நானே கூட..."

முடிக்க விடவில்லை. அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்பானர் கதவின் தாடையில் இறங்கியது. வாய்க்குள் பல் உருண்டது. அதற்குமேல் கதவு பேசவில்லை. ஒருவனைத் தலைமுடியோடு பிடித்துக் கார் கண்ணாடியில் மோதினான், கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொருவன் தோள் மூட்டு கழன்று அலறினான். அண்ணனைக் கழுத்தோடு பிடித்து ஒரு வேனில் சாத்தி அழுத்தினான். அண்ணனின் முகம் நீலம் பாரித்தது, கால் தரையைத் தேடி உதைத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் செத்துவிடுவான் என்று கதவுக்குத் தெரியும். தெரிந்தும் கை விடவில்லை.

"அண்ணா! விடுங்கண்ணா!"

முதல் அடியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்ட ஒல்லியன் மூக்கில் கட்டோடு ஓடி வந்தான். இருவருமே அவனுக்கு அண்ணா. இருவருமே திரும்பினார்கள். கதவின் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் அண்ணன் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துக் கதவின் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கிச் சரிந்தவனை இன்னொரு முறை அடிக்க ஓங்கியபோது, ஒல்லியன் கதவின்மேல் குப்புற விழுந்தான். இரண்டாவது அடி தம்பியின் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் ஸ்பானரைக் கீழே போட்டான்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் படுக்க வைத்திருந்த கணவனை மனைவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் ஒரு பாட்டுக் கிளாஸ் எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

போலீஸில் ஒல்லியன் நடந்ததை நடந்தபடியே சொன்னான். முதலில் அடித்தது தன் அண்ணன்தான் என்றான். அண்ணன் ஜெயிலுக்குப் போனான். அம்மா ஒல்லியனின் துணிமணியை வாசலில் எறிந்தாள். போக்கிடம் இல்லாமல் நின்றவனைக் கதவின் மனைவிதான் தன் பஸ்ஸிலேயே ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

கலைப் பாடத்திலிருந்து விலக்கு கேட்ட கதவின் விண்ணப்பத்தைக் கல்லூரி தள்ளிவிட்டது. மேடைச் சண்டை வகுப்புப் பக்கம் இனி வரவும் கூடாது என்றது. தாடை சேர்ந்ததும் கோரஸ் பாட்டு வகுப்பில் கடைசி வரிசையில், கையில் ஊன்றுதடியோடு நின்றான். அடிக்குரல் அவனுக்கு நன்றாகவே வந்தது. முழங்கால் போனவனைப் பாரில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் பகலில் நிறைய நேரம் இருந்தது.

பட்டம் வாங்கிய நாளில் மேடைப் படியில் ஏறும்போது, கூட்டத்தின் பின்வரிசையில் அண்ணனைப் பார்த்தான். ஜெயிலிலிருந்து வந்திருந்தான், பாதியாகியிருந்தான். அதே வரிசையில் உட்கார்ந்திருந்த தன் தம்பியை நோக்கித்தான் நடந்தான். ஒல்லியன் எழுந்து நின்றான், நகரவில்லை. அண்ணனின் கை மேலே போனது. மேடையில் கதவு தடியைத் தூக்கிப் பிடித்தான், குதிக்க இருந்தான்.

அந்தக் கை தம்பியின் மூக்கில், கோணலாகச் சேர்ந்திருந்த இடத்தில் போய் நின்றது. தடவியது. ஒல்லியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏங்க! உங்களைத்தான் கூப்பிடுறாங்க!" என்று முன்வரிசையிலிருந்து மனைவி கத்தினாள்.

அவன் இன்னும் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.